கீமோ எடுத்துக்கொண்டே வேலை பார்க்கிறேன், பிப் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? (இங்கிலாந்து)

ரெடிங் தோழி:
அனைவருக்கும் வணக்கம். ரெடிங்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருக்கிறேன். மார்பகப் புற்றுநோய் என்று உறுதியாகி, அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது கீமோ நடக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றுகிறார்கள். முதல் வாரம் படுக்கையை விட்டு எழவே முடிவதில்லை. அதன் பிறகு மெல்லத் தேறி அலுவலகம் போகிறேன். விரல் நுனிகள் மரத்துப்போவதால் சட்டைப் பொத்தான் போடுவதற்கும், அடுப்பிலிருந்து சாதம் வடிப்பதற்கும் கணவர்தான் கூட நிற்க வேண்டியிருக்கிறது. கோயிலில் பழக்கமான ஓர் அம்மா பிப் (நீண்டகால நோயோ உடல் குறைபாடோ உள்ளவர்களுக்கு அரசு தருவது) என்னும் உதவித்தொகையைப் பற்றிச் சொல்ல, நானும் தொலைபேசியில் பேசிவிட்டேன். படிவம் தபாலில் வந்துவிட்டது. ஒரு மாதத்துக்குள் அனுப்ப வேண்டுமாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கிடைக்குமா? கேள்விகளுக்கு எப்படிப் பதில் எழுத வேண்டும்? என் மேலாளருக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. ஆண்டு விடுப்பை எடுத்துத்தான் சமாளிக்கிறேன், அதுவும் தீரப்போகிறது. இரவில் தூக்கமே வருவதில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

ஹாரோ அண்ணன்:
தங்கச்சி, முதலில் மனதைத் தளரவிடாதீர்கள். வேலை செய்பவருக்குப் பிப் கிடையாது என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். சிறுநீரகம் செயலிழந்து வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டு வேலைக்கும் போகிற எனக்கு அது கிடைக்கிறது. அது வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கொடுக்கிற பணம் அல்ல. நோயின் பெயருக்காகவும் அதைக் கொடுப்பதில்லை; அந்த நோயால் அன்றாட வாழ்க்கையில் எதைச் செய்ய முடியவில்லை என்பதற்குத்தான் புள்ளி போடுகிறார்கள். சமைத்தல், குளித்தல், உடுத்தல், மருந்தையும் சிகிச்சையையும் கவனித்தல் என்று ஒரு பகுதி. நடமாட்டம் இன்னொரு பகுதி. ஒரு பகுதியில் 8 முதல் 11 புள்ளி எடுத்தால் சாதாரண விகிதம், 12 அல்லது அதற்கு மேல் எடுத்தால் கூடிய விகிதம்.

என் கதையையே சொல்கிறேன். மனைவியின் உதவியோடு வீட்டில் செய்யும் சிகிச்சை வாரத்தில் 7 மணி நேரத்துக்கு மேலும் 14 மணி நேரத்துக்கு உட்பட்டும் இருப்பதால் அதற்கு 6 புள்ளி கிடைத்தது. குளிக்கும்போது உட்காருவதற்கு ஒரு பலகை வைத்திருப்பதற்கு 2 புள்ளி. எட்டுக்கு எட்டு. ஆகவே "என்னால் சமைக்க முடியும்" என்று ஒற்றை வரியில் எழுதிவிடாதீர்கள். பாதுகாப்பாக, ஒழுங்காக, தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிகிறதா என்பதே அவர்கள் பார்க்க வேண்டிய அளவுகோல். அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. சாதம் வடிக்கும்போது கை நழுவியதை நடந்தது நடந்தபடி எழுதுங்கள்.

நியூக்காசில் வாணி:
உங்கள் பதிவைப் படித்ததும் நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் பட்டதெல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. எனக்கு லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) என்று கண்டுபிடித்தபோது இங்கே எனக்கென்று ஒரு மனிதர் கிடையாது. மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். மூட்டு வலியோடு பேருந்துக்காகக் குளிரில் நின்று, வீட்டுக்கு வந்து பாத்திரம் துலக்கிவிட்டு அழுதிருக்கிறேன். அலுவலகத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நோயாளி என்று தெரிந்துவிட்டால் நம்மை வெளியே அனுப்ப வேறு ஏதேனும் காரணம் தேடுவார்கள் என்ற பயம்தான். உங்களுக்கும் அதையே சொல்வேன்: சிகிச்சை முடியும் வரை மேலாளரிடம் வாய் திறக்காதீர்கள். ஊரிலிருந்து அம்மாவையோ மாமியாரையோ சில மாதங்களுக்கு வரவழைத்துக்கொள்ளுங்கள். அந்த உதவிக்கு எந்தப் பணமும் ஈடாகாது.

மில்டன் கீன்ஸ் செவிலியர்:
வாணி அக்காவின் வேதனை புரிகிறது. ஆனால் இந்த அறிவுரையை என்னால் ஏற்க முடியாது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி புற்றுநோய், எச்.ஐ.வி., மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் (நரம்பு மண்டல நோய்) ஆகிய மூன்றும் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே மாற்றுத்திறனாளி நிலையாகவே கருதப்படுகின்றன. பாதிப்பு எவ்வளவு என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. வேலை கொடுத்தவர் நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்பது சட்டப்படியான கடமை. ஆனால் அவருக்கு விஷயமே தெரியாவிட்டால் அந்தக் கடமை எப்படி எழும்?

தோழி, பொதுவாகக் கீமோ கொடுத்த 7 முதல் 14 நாட்களுக்குள்தான் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்து தொற்று எளிதில் பிடிக்கும். நீங்கள் எழுந்து அலுவலகம் போகிற நாட்கள் சரியாக அவைதான். அந்த நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்பது முழுக்க நியாயமான கோரிக்கை. ஆண்டு விடுப்பை நோய்க்குச் செலவழிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நோய் விடுப்பு என்பது தனி. முதல் 7 நாட்களுக்கு நீங்களே எழுதிக் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் ஜிபியிடமோ (குடும்ப மருத்துவர்) மருத்துவமனையிலோ ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதத்தில் "வேலைக்குத் தகுதியில்லை" என்பது மட்டுமல்லாமல், நேரத்தைக் குறைத்தாலோ வேலையை மாற்றிக் கொடுத்தாலோ பணியாற்றலாம் என்று எழுதவும் இடம் இருக்கிறது. உங்களுக்குத் தேவை அந்த இரண்டாவது வகை.

கிளாஸ்கோ குமார்:
நான் ஸ்காட்லாந்தில் இருக்கிறேன். இங்கே பிப் கிடையாது. அதற்குப் பதிலாக அடல்ட் டிஸபிலிட்டி பேமெண்ட் என்று ஸ்காட்லாந்து அரசே கொடுக்கிறது. என் நண்பர் ஒருவர் விண்ணப்பித்தார், வேலைக்குப் போகிறார் என்பதாலேயே மறுத்துவிட்டார்கள். ஆகவே ஹாரோ அண்ணன் சொல்வதுபோல் அவ்வளவு எளிதல்ல.

ஹாரோ அண்ணன்:
வேலைக்குப் போகிறார் என்பது மட்டும் மறுப்பதற்குக் காரணம் ஆகாது, தம்பி. "எட்டு மணி நேரம் அலுவலகத்தில் உட்காருகிறவர் வீட்டில் ஏன் சமைக்க முடியாது" என்று அவர்களாக ஊகித்துப் புள்ளியைக் குறைத்திருப்பார்கள். ஸ்காட்லாந்தில் என்றால் 42 நாட்களுக்குள் மறுபரிசீலனை கேட்டிருக்க வேண்டும். அதிலும் சரிவராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம்.

கிளாஸ்கோ குமார்:
மறுபரிசீலனை, தீர்ப்பாயம் என்று அலைவதற்கு நோயாளிக்குத் தெம்பு எங்கே இருக்கிறது? தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டுத் துண்டிக்கிறார்கள். இத்தனைக்கும் நாம் இந்த நாட்டுக்குக் கொடுப்பது கொஞ்சமா? மாதந்தோறும் வரி, நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தம், அதற்கு மேல் விசா எடுக்கும்போதே பெரியவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம். மூன்று ஆண்டு விசாவுக்கு ஒருவருக்கே 3,105 பவுண்டு ஆகிறது. கஷ்டம் என்று வரும்போது மட்டும் கதவைச் சாத்திவிடுகிறார்கள்.

நியூக்காசில் வாணி:
உண்மை. அந்தக் கட்டணத்துக்காக என் தம்பி ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வந்தான்.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
ஒரு நிமிடம் பொறுங்கள். நான் ஓர் ஆலோசனை மையத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வியை நாம் யாரும் கேட்கவில்லை. தோழி, உங்கள் விசா என்ன? இந்த நாட்டுக்கு எப்போது வந்தீர்கள்? இந்த இரண்டும் தெரியாமல் படிவத்தை நிரப்பச் சொல்வது உங்களை ஆபத்தில் தள்ளிவிடக்கூடும். பதில் எழுதும் வரை படிவத்தை அனுப்பாதீர்கள்.

ரெடிங் தோழி:
நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் ஸ்கில்டு ஒர்க்கர் வேலை விசா, அக்கா. சென்ற ஆண்டு ஜூலையில் வந்தோம். கணவரும் மகளும் என்னைச் சார்ந்த விசாவில் இருக்கிறார்கள். இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வரி கட்டுகிறோம் என்பதால் எல்லோருக்கும் பொருந்தும் என்றுதான் நினைத்தேன்.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
அப்படியானால் இப்போதைக்குப் பிப் உங்களுக்கு இல்லை. சொல்வதற்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. உங்கள் விசாவில் பொது நிதியை, அதாவது குறிப்பிட்ட அரசு உதவித்தொகைகளை, பெறக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். உங்கள் ஈ-விசா கணக்கைத் திறந்து பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். பிப், குறைந்த வருமானத்தினருக்கான யுனிவர்சல் கிரெடிட், கவுன்சில் வரிக் குறைப்பு, பலரும் அறியாமல் விண்ணப்பித்துவிடுகிற சைல்டு பெனிஃபிட் (குழந்தைகளுக்கான உதவித்தொகை) ஆகிய அனைத்தும் அந்தத் தடைப் பட்டியலில் வருகின்றன. தவறுதலாகக் கொடுத்துவிட்டால்கூட அதை வாங்குவது விசா நிபந்தனையை மீறுவதாகும்; பின்னாளில் விசா நீட்டிப்பிலும் நிரந்தர வதிவுரிமையிலும் அது வந்து நிற்கும். இது போக, பிப்புக்குக் கடந்த 3 ஆண்டுகளில் குறைந்தது 2 ஆண்டுகள் இங்கே இருந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஹாரோ அண்ணன், நீங்கள் அகதி அந்தஸ்தோடு இருந்தவர் என்று நினைக்கிறேன்?

ஹாரோ அண்ணன்:
ஆம், எனக்கு அகதி அந்தஸ்து கிடைத்த பிறகுதான் விண்ணப்பித்தேன். எங்களுக்கு அந்தத் தடையும் இல்லை, அந்த இரண்டு ஆண்டு விதியும் இல்லை. தங்கச்சி, படிவத்தைப் பற்றி நான் எழுதியது என்னைப் போன்றவர்களுக்குத்தான் பொருந்தும். செல்வி சொல்வதைக் கேளுங்கள்.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
நன்றி அண்ணன். தோழி, கதவு எல்லாம் அடைபட்டுவிட்டதாக நினைக்காதீர்கள். வேலையின் வழியாக வருகிற உரிமைகள் பொது நிதி ஆகாது. உங்கள் பலம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் வேலை ஒப்பந்தத்தை எடுத்து நிறுவனம் தரும் நோய்க்காலச் சம்பளம் எத்தனை வாரம் என்று பாருங்கள். மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் சில வாரங்களுக்கு முழுச் சம்பளம் உண்டு. அது இல்லையென்றாலும் சட்டப்படியான சிக் பே 28 வாரங்கள் வரை உண்டு. 2025-26 நிதியாண்டில் அது வாரத்துக்கு 118.75 பவுண்டாக இருந்தது. வாடகைக்குக்கூடக் காணாத தொகைதான், ஆனால் அது உங்கள் உரிமை. நேஷனல் இன்சூரன்ஸ் அடிப்படையில் தரப்படும், நோயால் வேலை செய்ய முடியாதவர்களுக்கான நியூ ஸ்டைல் ஈ.எஸ்.ஏ. என்ற உதவித்தொகையும் தடைப் பட்டியலில் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு முழு வரி ஆண்டுகளின் பங்களிப்பைப் பார்ப்பார்கள் என்பதால் உங்களுக்கு இப்போது எட்டாது; பின்னால் தேவைப்பட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஆக்சஸ் டு ஒர்க். வேலையில் நீடிப்பதற்கு ஆகும் கூடுதல் செலவுக்கான அரசுத் திட்டம் இது. இதுவும் தடைப் பட்டியலில் இல்லை. பேருந்திலோ ரயிலிலோ போக முடியாத நிலையில் டாக்சிக் கட்டணம், மரத்த விரல்களுக்கேற்ற விசைப்பலகை, குரலால் தட்டச்சு செய்யும் மென்பொருள் போன்றவற்றைக் கேட்கலாம். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.

ரெடிங் தோழி:
மிகவும் நன்றி அக்கா. எச்.ஆரிடம் சொன்னால் ஸ்பான்சர்ஷிப்பை ரத்து செய்துவிடுவார்களோ என்பதுதான் என் பெரிய பயம். சம்பளமில்லாமல் நான்கு வாரத்துக்கு மேல் விடுப்பு எடுத்தால் விசா போய்விடும் என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார்.

ஈஸ்ட்ஹாம் செல்வி:
அந்த நான்கு வார விதி உண்மைதான். ஆனால் நோய் விடுப்புக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் செவிலியர் சொன்னது முக்கியம்: நீங்கள் எடுப்பது நோய் விடுப்பு என்று பதிவில் இருக்க வேண்டும், வாய்மொழியாக "லீவு" என்று இருக்கக் கூடாது. சில வாரங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டு சம்பளம் குறைந்தாலும், தொழில்சார் மருத்துவ மதிப்பீடு அதை ஆதரித்து, மணிக்கணக்குச் சம்பளம் விசாவுக்குரிய அளவுக்குக் கீழே போகாமல் இருந்தால் விதிகள் அதை அனுமதிக்கின்றன. எனவே எச்.ஆரிடம் எழுத்துமூலமாகத் தெரிவித்து, ஆக்குபேஷனல் ஹெல்த் பரிந்துரை ஒன்றைக் கேளுங்கள். சம்பளத்திலோ வேலை செய்யும் இடத்திலோ நீடித்த மாற்றம் வந்தால் அதை உள்துறைக்குத் தெரிவிப்பது நிறுவனத்தின் பொறுப்பு. அவர்கள் அதைச் செய்தார்களா என்று மட்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வாணி அக்காவின் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மோசமான மேலாளர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் நோயைச் சொன்ன மின்னஞ்சல் ஒன்று பதிவில் இருந்தால், அதன் பிறகு அவர்கள் தவறாக நடந்தால் வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் ஏகாஸ் (ACAS) அமைப்பிடம் போவதற்கு அதுவே ஆதாரம்.

மில்டன் கீன்ஸ் செவிலியர்:
இரண்டு விஷயம் விட்டுப்போனது. இங்கிலாந்தில் புற்றுநோயாளிகளுக்கு மருந்துச் சீட்டுக் கட்டணம் கிடையாது. எஃப்.பி.92ஏ என்ற படிவத்தை ஜிபியிடம் கேட்டு வாங்கினால் ஐந்தாண்டுச் சான்றிதழ் வரும். ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு என்று கட்டிக்கொண்டிருந்தால் சான்றிதழ் வந்ததும் நிறுத்தலாம். புற்றுநோயாளிகளுக்கு உதவும் மெக்மில்லன் அறக்கட்டளையின் 0808 808 00 00 என்ற இலவச எண்ணில் வாரத்தின் ஏழு நாளும் காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். வேலை, பணம் பற்றி ஆலோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம்.

ரெடிங் தோழி:
வந்து கிடக்கும் பிப் படிவத்தை என்ன செய்வது? அனுப்பாமல் விட்டுவிட்டால் போதுமா?

ஈஸ்ட்ஹாம் செல்வி:
அப்படியே விட்டுவிட வேண்டாம். படிவத்தோடு வந்த கடிதத்தில் உள்ள எண்ணை அழைத்து விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொல்லுங்கள். பேசிய நாள், நேரம், பேசியவரின் பெயர் மூன்றையும் குறித்துவைத்து, அதை உறுதிசெய்யும் கடிதமும் கேளுங்கள். பணம் எதுவும் வாங்கவில்லை என்பதால் பதற வேண்டியதில்லை. ஆனாலும் விசா நீட்டிப்பில் ஏதேனும் கேட்பார்களா என்ற சந்தேகம் இருந்தால், குடியேற்ற ஆலோசனை ஆணையத்தில் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ சொலிசிட்டரிடமோ மட்டும் கேளுங்கள். எச்.ஆருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் வரைவை, உங்கள் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் நீக்கிவிட்டு இங்கே போடுங்கள்; திங்கட்கிழமைக்குள் நானும் செவிலியரும் பார்த்துத் திருத்தித் தருகிறோம்.