எரிக்காமல் மருத்துவக் கழிவைச் சுத்திகரிக்கும் இயந்திரம்: மதுரையில் யார் வாங்குவார்கள்?

கேள்வி: கப்பலூர்ப் பட்டறை

வணக்கம். மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் நானும் என் மைத்துனரும் சேர்ந்து அழுத்தக் கலன்கள் செய்யும் சிறு பட்டறை ஒன்றை நடத்துகிறோம். உணவுப்பொருள் ஆலைகளுக்கும் சாயப்பட்டறைகளுக்கும் நீராவிக் கலன்கள் செய்து கொடுத்த பழக்கத்தில், மருத்துவக் கழிவை எரிக்காமல் நீராவியாலேயே கிருமிநீக்கம் செய்யும் இயந்திரம் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். மூடிய கலனுக்குள்ளேயே கத்திகள் முதலில் கழிவை அரைத்துவிடும்; பிறகு நீராவி பாயும்; முடிவில் பிளாஸ்டிக் துருவல் மட்டுமே வெளியே வரும். புகைபோக்கியும் இல்லை, சாம்பலும் இல்லை.

மதுரையிலும் திண்டுக்கல்லிலும் சில தனியார் மருத்துவமனைகளில் விளக்கிக் காட்டினோம். மருத்துவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள், "நல்ல முயற்சி" என்று பாராட்டுகிறார்கள். விலைப்புள்ளி அனுப்பிய பிறகு பதிலே வருவதில்லை. விலையைக் குறைப்பதா, மாத வாடகைக்கு விடுவதா, அல்லது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் ஒப்பந்தப்புள்ளி வழியாக அரசு மருத்துவமனைகளை அணுகுவதா? இத்துறையை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: வைகை வடகரை

ஐயா, விலையைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளை ஒருமுறை முழுவதுமாகப் படித்துவிடுங்கள். மருத்துவமனைகளுக்கு அனுமதி வாங்கித் தரும் ஆலோசகனாக இருப்பதால் சொல்கிறேன்: 75 கிலோமீட்டர் தொலைவுக்குள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் (பல மருத்துவமனைகளின் கழிவையும் ஒரே இடத்தில் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையம்) சேவை கிடைக்குமானால், எந்த மருத்துவமனையும் தன் வளாகத்தில் தனியாகச் சுத்திகரிப்பு வசதி அமைக்கக் கூடாது என்று அந்த விதிகள் தெளிவாகக் கூறுகின்றன. மதுரை மருத்துவமனைகளின் பைகளை ஏற்றிச் செல்ல நாள்தோறும் வண்டி வருகிறது. ஆகவே நீங்கள் போய்ப் பார்த்த மருத்துவர்களுக்கு உங்கள் இயந்திரம் பிடித்திருந்தாலும் அதை வாங்கி வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. அரசு மருத்துவமனைகளுக்கும் இதே விதிதான். எனவே மருத்துவப் பணிகள் கழகத்தின் கதவைத் தட்டுவதாலும் இந்தத் தடை விலகாது.

உங்கள் வடிவமைப்பில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விதிகளின் அட்டவணை, சிவப்புப் பையில் சேரும் பிளாஸ்டிக் கழிவை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்), மைக்ரோவேவ் அல்லது ஹைட்ரோகிளேவில் (வெளிச்சுவர் வழியாக நீராவி சூடேற்றும் கலன்) கிருமிநீக்கம் செய்து, அதன்பிறகே அரைக்கச் சொல்கிறது. நீங்களோ முதலில் அரைக்கிறீர்கள். மூடிய கலனுக்குள் நடப்பதால் தீங்கில்லை என்று நீங்கள் வாதிடலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் அட்டவணையில் இல்லாத முறை என்று அதிகாரிகள் கருதிவிட்டால், அதற்குரிய தர அளவுகளை வகுத்துத் தருமாறு மத்திய அரசிடம் விண்ணப்பிக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் உள்ள என்.ஐ.ஐ.எஸ்.டி. என்ற மத்திய அரசு ஆய்வகம் எரியுலை இல்லாமல் நோய்க்கழிவைச் சுத்திகரிக்கும் 'ஸ்ருஜனம்' என்ற கருவியை உருவாக்கியபோதுகூட, 2025 பிப்ரவரியில் டெல்லி எய்ம்ஸில் சோதனை அளவில் நிறுவித்தான் தொடங்கியது. அரசு ஆய்வகமே அப்படிப் படிப்படியாகப் போகும்போது, கடனில் ஓடும் பட்டறை அந்த வழியில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கிருமிநீக்கம் முதலில், அரைத்தல் பிறகு என்று வரிசையை மாற்றிக்கொண்டால் நீங்கள் அட்டவணைக்குள் வந்துவிடுவீர்கள்.

எரிக்காத முறைக்குத் தேவை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பிளாஸ்டிக் எரியும்போது டயாக்சின், ஃபியூரான் ஆகிய நச்சுகள் உண்டாகின்றன. எரியுலையின் இரண்டாம் அறை 1050 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் இருக்க வேண்டும் என்றும், வாயு அங்கே 2 விநாடி தங்க வேண்டும் என்றும் விதித்திருப்பது இதனால்தான். சிவப்புப் பைக் கழிவு எரியுலைக்குப் போகாமல் தடுக்கும் எந்த இயந்திரத்துக்கும் பயன் உண்டு. அதை வாங்கக்கூடியவர் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவர். அவரைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

பதில்: தொற்றுத்தடுப்புச் செவிலியர்

வடகரை ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் மருத்துவமனைப் பக்கம் ஒரு சிறிய வாசல் திறந்தே இருக்கிறது. ஆய்வகத்தில் கிருமி வளர்த்த தட்டுகள், இரத்த மாதிரிகள், இரத்தப் பைகள் ஆகியவற்றைப் பொது நிலையத்துக்கு அனுப்பும் முன்பே அந்தந்த இடத்தில் கிருமிநீக்கம் செய்துவிட வேண்டும் என்பது அதே விதிகளின் கட்டாயம். பனகல் சாலையிலும் கோரிப்பாளையத்திலும் எத்தனை பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். இவர்களுக்கு 40 கிலோ கொள்ளும் பெரிய கலன் வேண்டாம். மேசைக்குக் கீழே அடங்குகிற, ஒவ்வொரு சுற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் நேரத்தையும் தானே பதிவு செய்கிற சிறிய ஆட்டோகிளேவ் வேண்டும். ஆய்வுக்கு அதிகாரிகள் வரும்போது எங்களிடம் கேட்பது அந்தப் பதிவைத்தான். கையால் எழுதிய நோட்டுப் புத்தகத்தை அவர்கள் நம்புவதில்லை, அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இயந்திரம் விற்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவமனையில் சேரும் மொத்தக் கழிவில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பைதான் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சாப்பாட்டுப் பொட்டலமும் மருந்து அட்டைப் பெட்டியும் மஞ்சள் பைக்குள் விழுந்தால் அவையும் எரியுலைக்குத்தான் போகும். கழிவைக் குறைப்பதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி இருக்கிறது: அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுமத்தைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வின்படி, அங்கே ஒரு கண்புரை அறுவைக்கு ஏறத்தாழ 250 கிராம் கழிவே சேர்கிறது; அதே அறுவைக்குப் பிரிட்டனில் உண்டாகும் கரிம உமிழ்வில் ஏறக்குறைய 5 விழுக்காடுதான் இங்கே உண்டாகிறது. விலை உயர்ந்த சுத்திகரிப்புக் கருவி எதனாலும் கிடைத்த பயன் இல்லை இது. பொருள்களை மீண்டும் பயன்படுத்தும் முறையாலும் வேலையை ஒழுங்குபடுத்தியதாலும் கிடைத்தது. ஆகவே உங்கள் கருவியோடு வார்டு ஊழியர்களுக்குக் கழிவைப் பிரிக்கும் பயிற்சியையும் சேர்த்துத் தருவீர்களானால், எங்களைப் போன்றவர்கள் உங்களுக்காக நிர்வாகத்திடம் பேசுவோம்.

பதில்: பழைய ஷிப்ட் மேற்பார்வையாளர்

தென்மாவட்டப் பொது நிலையம் ஒன்றில் வேலை பார்த்தவன் நான். நிலையத்துக்காரர் உங்களிடம் என்ன கேட்பார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதல் கேள்வி, கத்தி. சிவப்புப் பை என்று பெயர்தானே தவிர, அதற்குள் கண்ணாடிக் குப்பியும் கிடக்கும், ஊசி கழற்றாத சிரிஞ்சும் கிடக்கும். ரப்பர் கையுறைகள் அரைக்கும் தண்டைச் சுற்றிக்கொண்டு இறுக்கிவிடும். அதை வெட்டி எடுக்க ஆள் கையை உள்ளே விட வேண்டியிருக்கும். உங்கள் இயந்திரத்தில் கத்தியும் நீராவியும் ஒரே கலனுக்குள் இருப்பதால், கிருமிநீக்கம் முடியாத கழிவுக்குள் அவன் கைவிட நேரும். வரிசையை மாற்றச் சொல்வதற்கு விதியைவிட இதையே பெரிய காரணமாக நான் கருதுகிறேன். தவிர, கிருமிநீக்கத்துக்குரிய 121 பாகை வெப்பத்தில் சாதாரணப் பைகள் உருகிக் கத்தியின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது, காற்று. நீண்ட டிரிப் குழாய்க்குள் காற்று அடைபட்டிருக்கும்வரை நீராவி உள்ளே போகாது. வெற்றிட ஆட்டோகிளேவில் குறைந்தது மூன்று முறை காற்றை உறிஞ்சி வெளியேற்ற வேண்டும் என்பதும், அதன்பின் 121 பாகையில் 45 நிமிடம் வைக்க வேண்டும் என்பதும் அதற்காகத்தான். வெற்றிடம் இல்லாத கலனானால் அதே வெப்பத்தில் 60 நிமிடம். ஒரு ஷிப்டில் எத்தனை சுற்று முடியும் என்பதை இந்தக் கணக்கு தீர்மானிக்கும்; முதலாளி அதைத்தான் பார்ப்பார்.

மூன்றாவது, ஈரம். அரைத்த பிளாஸ்டிக்கை அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்குத்தான் விற்க வேண்டும். ஈரமாக இருந்தால் எடைக்கழிவு போட்டு விலையைக் குறைத்துவிடுவார். சுற்றின் முடிவில் நன்றாக உலர்த்தித் தரும் கலன் என்றால் அந்த வருமானத்தையே உங்கள் விலைக்கு ஈடாகக் காட்டலாம்.

கேள்வி கேட்டவர்: கப்பலூர்ப் பட்டறை

மூவருக்கும் மிக்க நன்றி. அரைக்கும் பகுதியைத் தனியாகப் பிரித்து, வெற்றிடமும் உலர்த்தும் வசதியும் உள்ள கலனைப் பொது நிலையங்களுக்கும், அதே கட்டுப்பாட்டுப் பலகை பொருத்திய சிறிய கலனைப் பரிசோதனைக் கூடங்களுக்கும் செய்வதென்று நானும் மைத்துனரும் பேசியிருக்கிறோம். பரிசோதனைக் கூடக் கலனையே முதலில் முடிக்கலாம் என்பது என் எண்ணம். பணம் விரைவில் திரும்பும். நிலையத்துக்காரரைப் பார்க்கும்போது கையில் என்ன சான்று இருக்க வேண்டும்?

பதில்: வைகை வடகரை

ஸ்போர் சோதனை முடிவுகள். வெப்பத்தை எளிதில் தாங்கும் ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்) குறைந்தது 10 லட்சம் உள்ள பட்டைகளைக் கழிவுச் சுமையின் நடுவில் வைத்து, அவை முழுவதும் அழிந்தன என்பதைத் தகுதி பெற்ற வெளி ஆய்வகம் ஒன்று எழுத்தில் தர வேண்டும். வெறும் கலனில் செய்த சோதனையைக் கொண்டு போகாதீர்கள். மேற்பார்வையாளர் சொன்ன அந்த நீண்ட குழாய்களை நிரப்பிச் செய்யுங்கள். பயன்படுத்தாத புதுக் குழாய்களையே வாங்கி நிரப்பினால் போதும், கழிவைக் கையாள அனுமதி தேடி அலைய வேண்டியிருக்காது.