மரம் விழுந்தது ஒரு லைனில், போனது இரண்டு லைன்: ரிலே எப்படித் திசை பார்க்கிறது?

கோத்தகிரித் தோட்டக்காரர்:
ஐப்பசி மழையில் கற்பூர மரம் ஒன்று 110 கேவி லைனில் சாய்ந்தது. அந்த லைன் போனது சரி. அதே கோபுரத்தில் வரும் இன்னொரு சர்க்யூட்டும் ஏன் போக வேண்டும்? தேயிலை வாட்டுகிற நேரம். விசிறி நின்று இலையெல்லாம் வீணாகிவிட்டது. கேட்டால், லைனில் பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியான “ரிலே முன்பக்க ஃபால்ட் (பழுது) என்று காட்டியது” என்கிறார்கள். ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறுகிறதே, அதில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது?

பழைய ரிலேக்காரர்:
மின்னோட்டத்தை மட்டும் பார்த்தால் திசை தெரியாது. வோல்டேஜோடு ஒப்பிட வேண்டும். ஃபால்ட் லைன் பக்கம், அதாவது ரிலேக்கு முன்பக்கம் இருந்தால் மின்னோட்டம் வோல்டேஜுக்கு 60, 70 டிகிரி பின்தங்கும். முதுகுப் பக்கம் இருந்தால் அதுவே 180 டிகிரி புரண்டுவிடும். ஃபால்ட் பக்கத்திலேயே விழுந்து வோல்டேஜ் சரிந்துபோனால், சற்று முன்பிருந்த வோல்டேஜை ரிலே நினைவில் வைத்து ஒப்பிடும். மின்னோட்டம் மண்ணுக்குப் போகிற எர்த் ஃபால்ட்டுக்கு மூன்று ஃபேஸ் வோல்டேஜையும் கூட்டி வரும் ஜீரோ சீக்வென்ஸ்தான் அளவுகோல். பாறை நிலத்தில் மரம் வழியாகப் போகிற சின்ன மின்னோட்டத்தைக்கூட அது பிடிக்கும். நான் நம்புவது அதைத்தான்.

குன்னூர் ப்ரொடெக்‌ஷன்:
சார், இரண்டாவது லைனைத் தள்ளியதே அந்த ஜீரோ சீக்வென்ஸ்தானே! இரண்டு சர்க்யூட்டும் ஒரே கோபுரத்தில் இருந்தாலும் பஸ், அதாவது லைன்கள் வந்து சேரும் பொதுக் கம்பி, தனித்தனி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் லைனில் ஓடும் எர்த் ஃபால்ட் மின்னோட்டம் பக்கத்து லைனில் வோல்டேஜைத் தூண்டுகிறது. நல்ல லைனுக்குள்ளேயே ஒரு மின் மூலம் உட்கார்ந்த மாதிரி. அதன் இரு முனை ரிலேயும் “எனக்கு முன்பக்கம்” என்றே சொல்லும். இரண்டும் அப்படி ஒத்துக்கொண்டால், ஃபால்ட் நடுவில்தான் என்று முடிவாகி பிரேக்கர் திறந்து லைன் நின்றுவிடும். மூன்று ஃபேஸும் சமமில்லாதபோது எதிர் வரிசையில் சுழல்வதாகக் கணக்கிடும் பகுதிதான் நெகட்டிவ் சீக்வென்ஸ். அதில் இந்தத் தூண்டல் மிகக் குறைவு. மலை லைனுக்கு அதுதான் பொருத்தம்.

பழைய ரிலேக்காரர்:
பொருத்தம் என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லாதீர்கள் தம்பி. 1932ல் பைக்காரா தொடங்கிய நாளிலிருந்து இந்த மலையில் இருப்பது நீர் மின் நிலையங்கள். எல்லா நேரமும் மெஷின் ஓடாது. மெஷின் நின்ற பிறகும் டிரான்ஸ்ஃபார்மர் லைனில்தான் இருக்கும், அதன் நியூட்ரல் எர்த்தில் இருக்கும். அந்த முனையில் ஜீரோ சீக்வென்ஸ் மின்னோட்டம் தாராளமாக வரும். நெகட்டிவ் சீக்வென்ஸ் ஏறக்குறைய ஒன்றுமே வராது. உங்கள் ரிலே எதை வைத்துத் திசை சொல்லும்?

குன்னூர் ப்ரொடெக்‌ஷன்:
அது நியாயம் சார். மெஷின் நின்ற நிலையை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் அதற்காக நல்ல லைனைப் பலி கொடுப்பதா?

பழைய ரிலேக்காரர்:
கொடுக்க வேண்டாம். பவர்ஹவுஸ் முனையில் ஜீரோ சீக்வென்ஸ் இருக்கட்டும். சமவெளி முனையில் பலமான மூலம் இருக்கிறது, அங்கே நெகட்டிவ் சீக்வென்ஸ் வையுங்கள். பழுதான லைனில் இரண்டும் ஒத்துக்கொள்ளும். நல்ல லைனில் சமவெளி முனை வாய் திறக்காது.

குன்னூர் ப்ரொடெக்‌ஷன்:
இரு முனையிலும் வேறு வேறு அளவுகோலா? எனக்கு ஒப்பவில்லை. மரக்கிளை ஃபால்ட்டில் ஒரு முனை பார்த்து மறுமுனை பார்க்காமல் போனால், பழுதான லைனே நின்று எரியுமே. இரண்டின் உணர்திறனும் பொருந்துகிறதா என்று கணக்குப் போடாமல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அப்புறம், ரிலேக்கு மின்னோட்டத்தை அளந்து தரும் சிடியின் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) போலாரிட்டி, அதாவது இணைப்பு முனைகள், மாறியிருந்தாலும் திசை தலைகீழாகத்தான் தெரியும். லோடு ஓடும்போது ரிலே காட்டும் மின்சாரத் திசையை மீட்டரோடு ஒப்பிட்டார்களா?

கோத்தகிரித் தோட்டக்காரர்:
அதைக் கேட்டுப் பார்க்கிறேன். ஒன்று தெரியும்: அன்று இரவு பவர்ஹவுஸில் மெஷின் ஓடவில்லையாம்.

பழைய ரிலேக்காரர்:
அப்படியானால் இரு முனை ரிலேயும் பதிவுசெய்த அலைவடிவங்களை முதலில் வாங்குங்கள். நல்ல லைனின் சமவெளி முனையில் நெகட்டிவ் சீக்வென்ஸ் எவ்வளவு என்று பார்த்துவிட்டு மேலே பேசுவோம்.