டிக்கும் எங்கள் ஈமு மாமாவும்: படம் பார்த்தபோது உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

அடிவாரத்தான்:
ஜிம் கேரி நடித்த 'ஃபன் வித் டிக் அண்ட் ஜேன்' (2005) படத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தோம். குளோபோடைன் என்ற கம்பெனியில் டிக்குக்குத் துணைத் தலைவர் பதவி கிடைக்கிறது. அதை நம்பி மனைவி ஜேன் தன் வேலையை விட்டுவிடுகிறாள். பதவி கொடுத்த கையோடு அவனை டிவி பேட்டிக்கு அனுப்புகிறார்கள். அவன் பல்லைக் காட்டிப் பேசப் பேச, பங்கு விலை சரிகிறது. முதலாளி தன் பங்குகளை விற்றுத் தள்ளிய விஷயம் பேட்டி எடுப்பவர் கேட்ட பிறகுதான் அவனுக்கே தெரிகிறது.

எல்லோரும் சிரிக்கும் காட்சி அது. எங்கள் வீட்டில் மட்டும் சத்தமே இல்லை, ஏனென்றால் மாமாவும் கூட உட்கார்ந்திருந்தார். ஈமு கோழி வளர்ப்புத் திட்டம் என்று கம்பெனிகள் பணம் வாங்கிய காலத்தில் அவர் ஏஜென்ட். ஒன்றரை லட்சம் கட்டினால் குஞ்சு, கொட்டகை, தீவனம் எல்லாம் கம்பெனி தரும், வளர்ப்புக் கூலி மாதம் 6,000 என்று வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர். கமிஷன் வாங்கினார், சரி. ஆனால் தன் பணத்தையும் அதிலேயே போட்டிருந்தார். ஈமுக் கறியை இங்கே யார் சாப்பிட்டார்கள்? புதிதாகச் சேருகிறவர் கட்டும் பணம்தான் பழைய ஆளுக்கு மாதக் கூலியாகப் போனது. 2012 ஆகஸ்டில் எல்லாம் நின்றது. பெருந்துறைப் பக்கம் பட்டினி கிடந்த பறவைகளுக்கு அரசாங்கமே தீவனம் போட வேண்டி வந்தது. முதலாளி எங்கே என்று யாருக்கும் தெரியாது, மாமா வீடு எல்லோருக்கும் தெரியும். காலையில் பால்காரருக்கு முன்னால் சொந்தக்காரர்கள் வாசலில் நிற்பார்கள்.

படத்தில் டிக்கைக் கோமாளியாகக் காட்டினாலும், நடுவில் மாட்டிய ஆளின் முகத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். மாமா ஒன்றும் சொல்லவில்லை. "இந்த ஆளுக்கு டிவியாவது கிடைச்சுது" என்றார், அவ்வளவுதான்.

கொலுசுப் பட்டறை:
அண்ணா, உங்கள் மாமாவை நினைத்தால் வருத்தம்தான், ஆனால் டிக் அவ்வளவு பாவம் இல்லை. பொம்மைத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு கொள்ளையடிக்கப் போகிறான். அதைப் படம் செல்லம் கொடுத்து விட்டுவிடுகிறது.

எனக்குப் பிடித்தது புல்தரைதான். கடனில் போட்ட புல்லைப் பணம் வரவில்லை என்று பாய் மாதிரி சுருட்டி எடுத்துப் போய்விடுகிறார்கள். டிக் ராத்திரியோடு ராத்திரியாக அக்கம்பக்கத்து வீடுகளில் புல்லைத் திருடிக் கொண்டுவந்து ஒட்டுப்போடுகிறான். சோற்றுக்கு வழியில்லாவிட்டாலும் வாசல் பச்சையாக இருக்க வேண்டும்!

எங்கள் சிவதாபுரம் தெருவில் ஒரு அக்கா தீபாவளிச் சீட்டு பிடித்தார். 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும், ஒரு கோடு போட்ட நோட்டுதான் கணக்கு. ஐப்பசி பிறந்தது, அக்கா வீட்டில் பூட்டு. என் அம்மா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துவிட்டுக் கவரிங் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போனார். கழுத்தில் அரிப்பு வந்ததும், "தங்கம் எனக்கு ஒத்துக்கலைங்க" என்று பந்தியில் சொன்னாரே பார்க்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறொரு பெண்ணும் சொரிந்துகொண்டே, "எனக்கும்தாங்க" என்றார். அவரும் அதே சீட்டு.

ஐந்து ரோடு:
ஒரு தகவல். இது 1977-ல் ஜேன் ஃபோண்டா நடித்து வந்த படத்தின் மறு ஆக்கம். 2005 படத்தின் கடைசியில் பழைய நண்பன் ஒருவன் புதுக் காரில் வந்து, எனக்கு வேலை கிடைத்துவிட்டது, என்ரானில் என்கிறான். கதை நடப்பது 2000-ல், என்ரான் திவாலானது 2001 டிசம்பரில். நான் அங்கேதான் வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு ஓடும் எழுத்துகளில் என்ரான், வேர்ல்ட்காம் என்று கணக்கு மோசடியில் கவிழ்ந்த கம்பெனிகளுக்கு நன்றி வேறு!

ஆனால் முடிவு எனக்கு ஒப்பவில்லை. முதலாளியிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, ஊழியர்களின் ஓய்வூதியத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் ஊரில் அதற்கு 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது: புகார், சொத்து முடக்கம், ஏலம், அப்புறம்தான் பணம் கட்டியவர்களுக்குப் பங்கு. என் பெரியப்பா இப்படிப் பணம் கட்டிய ரசீதை இரும்புப் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார். அவர் காலமாகி, இப்போது வாய்தாவுக்கு அண்ணன் போகிறான்.

அடிவாரத்தான்:
ரசீதை லேமினேட் செய்துவிடாதீர்கள், அசலைத்தான் கேட்பார்கள். இது மாமா சொன்னது.