ரெண்டு காலேஜுக்கும் கைதட்டினால் எங்கே போய் உட்காருவது?

வண்ணாரப்பேட்டைக்காரன்:

நான் படித்த இரண்டு கல்லூரிகளின் பெயரிலும் மெட்ரோ ஸ்டேஷன் இருக்கிறது. பி.காம். சர் தியாகராயாவில். டி.எச். ரோட்டில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். எம்.காம். பச்சையப்பனில். 2021-ல் விம்கோ நகர் வரைக்கும் ரயில் வந்த பிறகு, தினமும் ஒரு காலேஜ் பெயரில் ஏறி, சென்ட்ரலில் மாறி, அங்கிருந்து நாலாவது ஸ்டேஷனில் இன்னொரு காலேஜ் பெயரைக் கேட்டுவிட்டு ஷெனாய் நகரில் வேலைக்கு இறங்குகிறேன். ஒலிபெருக்கி இரண்டு பெயரையும் ஒரே குரலில் சொல்கிறது. எனக்குத்தான் அது வரமாட்டேன் என்கிறது.

கால்பந்து என்றால் சிறு வயதிலிருந்தே பைத்தியம். ஆடத் தெரியாது. வெளியே போன பந்தைப் பொறுக்கிப் போட்டதோடு என் ஆட்டம் முடிந்தது. ஆனால் மேட்ச் எங்கே என்றாலும் போய் நிற்பேன். படிக்கிற காலத்தில் குழப்பமே இல்லை. மூன்று வருஷம் தியாகராயாவுக்குக் கத்தினேன், அப்புறம் இரண்டு வருஷம் பச்சையப்பனுக்கு. அந்த இரண்டு வருஷத்தில் இரண்டு அணியும் என் கண்ணெதிரே மோதிக்கொள்ளவில்லை. வேலைக்குப் போன பிறகுதான் மாட்டிக்கொண்டேன்.

மெட்ரோ வருவதற்கு முந்தைய கதை. பல்கலைக்கழக ஸோன் மேட்ச். அரை நாள் லீவு போட்டுவிட்டு பஸ் பிடித்துப் போனேன். அந்த மைதானத்தில் கேலரி என்றெல்லாம் கிடையாது. ஒரு பக்கம் வேப்பமரம், எதிர்ப் பக்கம் காம்பவுண்டு சுவர். மரத்தடியில் எம்.காம். தோஸ்துகள், சுவர் மேல் பி.காம். தோஸ்துகள். வெயில் கொளுத்தியதால் மரத்தடிக்குப் போனேன். கொள்கை எதுவும் இல்லை, நிழல்தான் காரணம்.

பத்தாவது நிமிஷத்திலேயே தியாகராயா பையன் ஒருவன் நடு மைதானத்திலிருந்து மூன்று பேரை ஏமாற்றிக்கொண்டு வந்து அடித்தான். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. என் கை தானாகத் தட்டிவிட்டது. மரத்தடி முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. முதல் வருஷப் பையன் போல, மீசைகூட சரியாக முளைக்கவில்லை, மரியாதையாகத்தான் கேட்டான்.

"அண்ணே, நீங்க எந்தக் காலேஜ்?"

"ரெண்டும்தான்பா."

"அப்ப நீங்க ஆஃப் சைடுண்ணே."

இன்றைக்கும் அந்தப் பெயர்தான். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால்கூட "வாப்பா ஆஃப் சைடு" என்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது இது இல்லை. பூட்ஸ் கதை.

அன்றைக்குப் பச்சையப்பனுக்கு வலது விங்கில் ஆடியவன் எங்கள் தெரு. தியாகராயாவின் கோல்கீப்பரும் எங்கள் தெரு. இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள், ஒரே வீட்டில் மேலேயும் கீழேயும் குடியிருந்தார்கள். தெரு டீமில் ஒன்றாக ஆடியவர்களை ஸ்போர்ட்ஸ் கோட்டா ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துவிட்டது. வடசென்னையில் இது சாதாரணம். பிளஸ் டூ முடிந்ததும் சான்றிதழ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு காலேஜ் காலேஜாக ட்ரயலுக்குப் போவார்கள். எங்கே சீட் கிடைக்கிறதோ அங்கே சேருவார்கள். ஜூன் வரைக்கும் ஒரே டீம், ஆகஸ்டில் அஞ்சு டீம்.

இந்த இரண்டு பேருக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்தான் இருந்தது. ஒரே அளவு கால். மேட்ச் இருக்கிறவன் போட்டுக்கொண்டு போவான். இருவருக்கும் ஒரே நாளில், அதுவும் ஒருத்தனுக்கு எதிராக இன்னொருத்தன் ஆட வேண்டி வரும் என்று வாங்கிக் கொடுத்த தாய்மாமன் யோசித்திருக்க மாட்டார். காலையில் கோல்கீப்பர் விட்டுக்கொடுத்திருக்கிறான். "நீ ஓடுறவன், நான் நிக்கிறவன். நீயே போட்டுக்கோ." அவன் யாரிடமோ கடன் வாங்கிய பூட்ஸுக்குள் பேப்பர் திணித்துக்கொண்டு நின்றான். ஒரு சைஸ் பெரிசு.

இரண்டாவது பாதியில் விங்கிலிருந்து உள்ளே வெட்டி வந்து அடித்தான் பாருங்கள், தரையோடு தரையாகப் போனது பந்து. கோல்கீப்பர் பாய்ந்தான். பாயும்போதே இடது கால் பூட்ஸ் கழன்று ஒரு பக்கம் போக, பந்து இன்னொரு பக்கம் உள்ளே போய்விட்டது. அந்த ஒரு கோல்தான் மொத்த மேட்சும்.

நான் கைதட்டவில்லை. தட்டாமலும் இருக்க முடியவில்லை. ஒரு கையால் தொடையில் மெதுவாகத் தட்டிக்கொண்டேன்.

ராத்திரி பீச் ஸ்டேஷன் பக்கம் எல்லோருமாக அத்தோ, அதுதான் பர்மா நூடுல்ஸ், சாப்பிடப் போனோம். ஜெயித்தவன்தான் காசு கொடுத்தான். கோல்கீப்பர் முட்டை மசாலாவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் முறையிட்டான்: "என் பூட்ஸாலயே எனக்கு அடிச்சிட்டாண்ணே."

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கல்யாணபுரம் தங்கச்சி:

அண்ணே, பூட்ஸ் பரவாயில்லை. நான் அக்காவின் காலையே பிடித்திருக்கிறேன்.

எங்கள் வியாசர்பாடியை மினி பிரேசில் என்று பத்திரிகைகளில் எழுதுவார்கள். தப்பில்லை. 2017-18 ஐ.எஸ்.எல். கால்பந்துக் கோப்பையை வென்ற சென்னையின் எஃப்.சி.யில் ஆடிய தனபால் கணேஷ் எங்கள் ஏரியாக்காரர்தான். ஆனால் இங்கே பெண்கள் ஆடுகிற கபடியைப் பற்றி யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. நான் பாரதி மகளிர் கல்லூரி. அக்கா ராணி மேரி. அவள் ரெய்டர், நான் இடது கார்னர். ராத்திரி மொட்டை மாடியில் அவள் பாடிக்கொண்டு வருவாள், நான் பிடிப்பேன். அவளுடைய ஏமாற்று வேலை எல்லாமே எனக்கு மனப்பாடம். போனஸ் கோட்டைத் தொடுகிற மாதிரி வலது காலை நீட்டிவிட்டு இடது பக்கம் திரும்புவாள்.

இரண்டு காலேஜும் மோதிய அன்றைக்கு எங்கள் பி.டி. மேடம் கேட்டார்: "உங்க அக்காவ எப்படிப் பிடிக்கிறதுன்னு சொல்லு." நான் வாயே திறக்கவில்லை. வீட்டு விஷயத்தை வெளியே சொல்வது போலப் பட்டது. ஆனால் மேட்சில் அவள் வலது காலை நீட்டியதும் என் கை போய்க் கணுக்காலைப் பிடித்துவிட்டது. விழுந்தவள் எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அம்மா வந்திருந்தாள். யார் பக்கமும் உட்காராமல் ஸ்கோர் எழுதுகிறவர்கள் மேஜைக்குப் பின்னால் நின்றாள். எங்கள் இருவரின் தண்ணீர் பாட்டிலும் அவளிடம்தான் இருந்தது. 29ஏ பஸ்ஸில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம், நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு. பெரம்பூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் பல்கலைக்கழக அணித் தேர்வு வந்தது. காலேஜ் அணிகளில் ஆடியவர்களிலிருந்து பொறுக்கி ஒரே அணியாக்கி, மெட்ராஸ் யூனிவர்சிட்டி பனியன் கொடுத்துத் தென் மண்டலப் போட்டிக்கு அனுப்புவார்கள். முகாமுக்கு இருவரையும் கூப்பிட்டார்கள். அங்கே போன முதல் நாள் ராத்திரி அவளாகவே பேசினாள்: "அந்த இடது பக்கம் திரும்புறத வேற யார்கிட்டயும் சொல்லலல்ல?"

கடைசியில் அவள் மட்டும் தேர்வானாள். அந்த ஒரு மாசம் எனக்குப் பக்கம் பார்க்கிற வேலையே இல்லாமல் போனது. கொஞ்சம் பொறாமை இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய்.

தண்டையார்பேட்டை தாத்தா:

எங்கள் வீட்டில் இது தலைமுறைச் சண்டை. என் தகப்பனார் பச்சையப்பன். சேத்துப்பட்டு இல்லை, அதற்கு முந்தியது. 1940-ல் அங்கே போகும்வரை கல்லூரி நம் ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் பெரிய தூண்கள் வைத்த பச்சையப்பன் மண்டபத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நைனா செருப்பைக் கழற்றாத குறைதான்.

நான் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு இரண்டு காலேஜும் கிரிக்கெட் ஆடினால் சேர்ந்தே பார்க்கப் போவோம், சண்டை போட்டுக்கொண்டே வருவோம். ஆட்டத்தைப் பற்றிச் சண்டை இல்லை. "அண்ணா படிச்ச காலேஜ்டா" என்பார். "சர் சி.வி. ராமன் படிச்ச காலேஜ் நைனா" என்பேன். "எங்களுக்கு ராமானுஜன்" என்பார். ராமானுஜன் அங்கே படிக்கும்போது எஃப்.ஏ. தேர்வில், அதாவது பி.ஏ.வுக்கு முந்தைய அந்தக் காலத் தேர்வில், தேறவில்லை என்று ஒருநாள் எடுத்துவிட்டேன். கொஞ்சமும் அசரவில்லை. "ராமானுஜனே பாஸ் பண்ண முடியல, பாத்துக்கோ. நான் பாஸ் பண்ணேன்."

இதற்கு மேல் என்ன பேசுவது? ஸ்கோர் எல்லாம் மறந்துவிட்டது.

ராயபுரம் அம்மா:

நீங்கள் எல்லோரும் படித்த காலேஜைப் பற்றிச் சொல்கிறீர்கள். நான் எந்தக் காலேஜிலும் படிக்கவில்லை. என் பையன் வாலிபால் கோட்டாவில் ஊருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தான். பெயர் வேண்டாம். சேர்க்கும்போது எல்லாம் இலவசம் என்றார்கள். அடுத்த வருஷம் பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம் என்று ஒவ்வொன்றாக வந்தது. நகையை வைத்துத்தான் கட்டினோம்.

அதனால் அந்தக் காலேஜ் ஆடினால் தோற்க வேண்டும் என்று நினைப்பேன். ஆனால் பையன் ஜெயிக்க வேண்டும். ஆறு பேர் ஆடுகிற ஆட்டத்தில் இதை எப்படிப் பிரிப்பது? அவன் சர்வீஸ் போட்டால் கைதட்டுவேன், ஸ்மாஷ் அடித்தால் கைதட்டுவேன். மற்ற ஐந்து பேரின் பாயின்டுக்குக் கையைக் கட்டிக்கொள்வேன். செட்டர் பையன் ஒருமுறை வந்து கேட்டான்: "நான்தானம்மா அவனுக்குப் பந்தத் தூக்கிக் குடுக்குறேன்?" பாவமாகிவிட்டது. அதிலிருந்து அவனுக்கும் தட்டுகிறேன். மற்ற நாலு பேருக்கு இன்னும் இல்லை.

வண்ணாரப்பேட்டைக்காரன்:

ராயபுரம் அம்மா, நீங்களும் ஆஃப் சைடுதான், வாங்க. தாத்தா, உங்கள் நைனா சொன்னதை எங்கள் வீட்டுப் பரீட்சைக்காரப் பிள்ளைகளிடம் சொல்லப் போகிறேன்.

தங்கச்சி, உங்கள் அம்மா நின்ற அந்த மேஜைக்குப் பின்பக்கம் நல்ல இடம். அதற்கப்புறம் நானும் பெரும்பாலும் கார்னர் கொடிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். லைன்ஸ்மேன் மட்டும் அவ்வப்போது முறைப்பார்.

அந்த இரண்டு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். விங் ஆடியவன் ரயில்வே வேலையில் இருக்கிறான். கோல்கீப்பர் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான், மற்ற நாளில் எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. இருவருக்கும் இப்போது தொப்பை.

அந்த பூட்ஸ் எங்கே என்று போன வாரம் இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். அவன் இவனிடம் இருக்கிறது என்கிறான். இவன் அவனிடம் இருக்கிறது என்கிறான்.