கண்ட்ரோலுக்குக் ‘கட்டுப்பாடு’ பொருந்துமா? ‘இயக்குறுப்பு’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

விஷுவல் பேசிக் என்ற நிரல்மொழியின் பாடக் குறிப்புகளுக்கான சொற்பட்டியலில் ஃபார்முக்குப் படிவம், பிராப்பர்ட்டிக்குப் பண்பு, ஈவென்ட்டுக்கு நிகழ்வு ஆகிய மூன்றையும் ஒப்புக்கொண்டுவிட்டோம். அவற்றில் எனக்கு மறுப்பில்லை. படிவத்தின் மேல் வைக்கும் பொத்தான், பெட்டி முதலியவற்றின் பொதுப்பெயரான கண்ட்ரோலுக்குக் ‘கட்டுப்பாடு’ ஏற்கெனவே பழகிவிட்டது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர் ஒருவர் நேற்று எழுதியிருந்தார். பழகிய சொல்லைக் காரணமின்றி மாற்றக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் அந்தச் சொல் பழகியிருப்பது கற்பிக்கிற நமக்குத்தான். முதன்முதலாகப் படிவம் வரைய உட்காரும் மாணவருக்கு அது வேறு பொருளைத் தருகிறது.

கிருஷ்ணகிரியில் மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். மாங்காய்ப் பருவமாக இருந்ததால், மண்டிக்கு வரும் காய்க்கு ரசீது போடும் படிவத்தையே பயிற்சியாகக் கொடுத்து, “படிவத்தில் தேவையான கட்டுப்பாடுகளை அமைக்கவும்” என்று பலகையில் எழுதினேன். பர்கூர்ப் பக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருவர் கால் மணி நேரமாகியும் சுட்டியைத் தொடவில்லை. அருகில் போய்ப் பார்த்தேன். “எடை பூச்சியமாக இருக்கக் கூடாது. ரகத்தின் பெயர் விடுபடக் கூடாது. விலை குறிக்காமல் ரசீது போடக் கூடாது” என்று குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். அவர் எழுதியதில் பிழையே இல்லை. ஊர்க் கட்டுப்பாடு, உணவுக் கட்டுப்பாடு, போக்குவரத்துக் கட்டுப்பாடு என்று நாம் அன்றாடம் வழங்கும் பொருளில்தான் அவர் அச்சொல்லைப் புரிந்துகொண்டார். அவர் எழுதிய மூன்றும் தரவுத்தளப் பாடத்தில் கான்ஸ்ட்ரெய்ன்ட் எனப்படுபவை, அதாவது தரவு மீறக் கூடாத விதிகள். ‘கட்டுப்பாடு’ என்னும் சொல் அங்கேதான் நமக்குத் தேவைப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், படிவமும் தரவுத்தளமும் சேரும் இரண்டாம் பருவத்தில் மாணவர் நிச்சயமாகத் தடுமாறுவார்.

பிழை எங்கே நேர்ந்தது என்பதும் தெளிவு. ஆங்கிலத்தில் கண்ட்ரோல் என்பது அடக்கும் செயலுக்கு மட்டுமன்றி, எந்திரத்தை நடத்தும் கைப்பிடி, திருகு, விசை முதலிய பொருள்களுக்கும் பெயர். கணினிக்கு வந்தது அந்தப் பொருட்பெயர். நாமோ செயலின் பெயரைத் தமிழாக்கிப் பொருளின் மேல் ஒட்டிவிட்டோம்.

1991ஆம் ஆண்டு வெளிவந்த விஷுவல் பேசிக்கில், நிரலின் முதல் வரியை எழுதுவதற்கு முன்பே பொத்தானையும் பெட்டியையும் படிவத்தின் மேல் இழுத்து வைக்க முடிந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மாணவர் முதல் நாளில் கையால் தொடுவது கண்ட்ரோலைத்தான். அதன் பெயரே குழப்பினால் பாடம் வாசலிலேயே நின்றுவிடுகிறது. 1998இல் வந்த ஆறாம் பதிப்பில் பொத்தானின் மேல் உள்ள எழுத்து கேப்ஷன் என்ற பண்பில் இருந்தது. 2002இல் இம்மொழியின் டாட்நெட் வடிவம் வந்தபோது அது டெக்ஸ்ட் என்று மாறியது. கண்ட்ரோல் என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஆகவே இச்சொல்லுக்கு நாம் செலவிடும் நேரம் வீணாகாது.

நல்ல கலைச்சொல் பாதிப் பாடத்தைத் தானே நடத்திவிடும் என்பதற்கும் அதே வகுப்பில் சான்று உண்டு. இரண்டு நடையின் எடையைக் கூட்ட, உரைப்பெட்டி என்று நாம் சொல்லும் இரு டெக்ஸ்ட் பாக்ஸ்களில் இருந்தவற்றை ஒரு மாணவர் நேரடியாகக் கூட்டல் குறியால் இணைத்தார். 240உம் 310உம் சேர்ந்து 550 வருவதற்குப் பதிலாக 240310 என்று வந்தது. நான் விளக்கத் தொடங்குமுன் அடுத்த இருக்கையில் இருந்தவர், “இது உரைப்பெட்டிதானே, உரையை உரையோடு ஒட்டிவிட்டது” என்றார். வால் என்ற செயற்கூறைப் போட்டு உரையை எண்ணாக்க வேண்டும் என்று சொல்வது மட்டுமே எனக்கு மிச்சமாயிற்று.

குழுவில் வந்த மாற்றுச் சொற்களுள் ‘கருவி’யை ஏற்க இயலாது, கருவிப்பட்டை, கருவிப்பெட்டி இரண்டும் ஏற்கெனவே அதைப் பிடித்துக்கொண்டன. தனியே ‘உறுப்பு’ என்றால், அர்ரே எனப்படும் அணியின் உறுப்போடு மோதும். கண்ட்ரோல்களை அணியாக அடுக்கும் பாடத்தில் ‘உறுப்பு அணியின் உறுப்பு’ என்று எழுத நேரும். ஏரைப் பிடித்து நடத்தும் மேழியின் பெயரை ஒருவர் முன்வைத்தார். அழகான சொல், மிக விரும்பினேன். ஆனால் இன்றைய மாணவர் கண்டதெல்லாம் டிராக்டர்தான். சொல்லை விளக்க வேறொரு சொல் வேண்டியிருக்கும். எங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு வகுப்பில் தமிழில் படிப்பவர்களும் பலர் உள்ளனர். அவர்களுக்குச் சொல் தன் பொருளைத் தானே காட்ட வேண்டும்.

ஆகையால் ‘இயக்குறுப்பு’ என்பதை முன்மொழிகிறேன். இயக்கு, உறுப்பு இரண்டும் எல்லோரும் அறிந்தவை. பயனர் இயக்குறுப்பு, இயக்குறுப்பு அணி, இயக்குறுப்பின் பண்பு என்று கூட்டுச்சொற்களும் இடறாமல் அமைகின்றன. வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவருக்கு வழங்கும் ‘இயக்கி’யோடு குழம்பாதா என்று கேட்கலாம், உறுப்பு என்ற முடிவு அதைத் தடுக்கும் என நினைக்கிறேன். படிவத்தில் எழுத்தைக் காட்ட மட்டுமே உள்ள லேபிளைப் பயனர் இயக்குவதில்லையே என்ற கேள்விக்கு விடை இலக்கணத்திலேயே இருக்கிறது. இது வினைத்தொகை, ‘குடிநீர்’ என்னும்போது குடிப்பவர் யார் என்று சொல்லாததைப் போலவே, இங்கும் இயக்குவது யார் என்று சொல்லப்படவில்லை. பொத்தானைப் பயனர் இயக்குகிறார். லேபிளின் எழுத்தை மாற்றி, திரையில் தோன்றாத டைமரைத் தொடங்கி நிறுத்தி, அவற்றை நிரல் இயக்குகிறது.

அடுத்த தொகுதி மாணவர்களுக்கான குறிப்பேட்டில் முதல் இடத்தில் மட்டும் ‘இயக்குறுப்பு, அதாவது கண்ட்ரோல்’ என்று எழுதி, பிறகு இயக்குறுப்பு என்றே தொடர எண்ணியிருக்கிறேன். அச்சுக்குக் கொடுக்குமுன் மறுப்பு இருந்தால், மாற்றுச் சொல்லோடும் அது வரும் ஒரு முழு வாக்கியத்தோடும் எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். லேபிளுக்குச் ‘சிட்டை’ என்பதா ‘விவரச்சீட்டு’ என்பதா என்ற கேள்வியைத் தனி மடலில் எழுப்புகிறேன்.