சேர்ந்து விழும் நாளுக்கு கோரிலேஷன் போதுமா?

மாட்டுங்கா மணி:
மும்பையில் பாந்திரா-குர்லா பக்கம் ஒரு நிறுவனத்தின் ரிஸ்க் பிரிவில் இருக்கிறேன். வங்கிப் பங்குக்கும் வாகனப் பங்குக்கும் கோரிலேஷன் (எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.5 என்று ஒரே எண்ணைப் போட்டு, நார்மல் காப்புலாவில் ஓட்டுகிறார்கள். காப்புலா என்றால் தனித்தனிப் பரவல்களைச் சேர்த்துக் கட்டும் கணக்கு; நார்மல் என்பது மணி வடிவப் பரவலை வைத்துக் கட்டும் வகை. 2020 மார்ச் 23 மறந்துவிட்டதா? காலையிலேயே 10 சதவீதம் விழுந்து 45 நிமிடம் வர்த்தகம் நின்றது. முடிவில் சென்செக்ஸ் 3,934 புள்ளி காலி. எல்லாமே சேர்ந்துதான் படுத்தது.

நார்மலில் ஒன்று படுமோசமாக விழுந்தால் மற்றதும் அதே அளவு மோசமாக விழும் வாய்ப்பு, வால் நுனிக்கு, அதாவது பரவலின் மிக மோசமான ஓரத்துக்கு, போகப் போக பூஜ்யம் ஆகிவிடும். அதே 0.5-ஐ டி காப்புலா என்ற இன்னொரு வகையில், டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (இந்த எண் சிறிதானால் வால் கனமாகும்) 4 வைத்துப் போட்டால் சுமார் 0.25-இல் நிற்கும். நாலில் ஒரு தடவை! டி-க்கு மாறுவோம் என்றால் கேட்க ஆளில்லை.

செம்பூர்வாசி:
மணி சார், அந்த 4 எங்கிருந்து வந்தது? பத்து வருடத் தரவு என்றால் 2,500 நாள் சொச்சம். மோசமான 1 சதவீதம் 25 நாள். இரண்டு பங்கும் ஒரே நாளில் அந்த 25-க்குள் வந்தது இன்னும் குறைவு. அதை வைத்துக்கொண்டு வாலுக்கு அளவெடுப்பதா? 2000-இல் டேவிட் லி கடன் பத்திரங்களுக்குக் காப்புலா கொண்டுவந்தபோதும் இப்படித்தான் நம்பினார்கள்.

மாட்டுங்கா மணி:
லி பயன்படுத்தியது நார்மல் காப்புலா சார். நான் வேண்டாம் என்பதும் அதைத்தான்! 1959-இல் கணிதவியலாளர் ஸ்க்லார் சொன்னது, தனித்தனிப் பரவல் வேறு, அவற்றைச் சேர்க்கும் கயிறு வேறு என்பது மட்டும். எந்தக் கயிறு என்பது நம் பாடு.

முலுண்ட் மீனா:
நான் தினமும் சென்ட்ரல் லைன், என் தங்கை போரிவலியிலிருந்து வெஸ்டர்ன். என் வண்டி தாமதமானால் அவள் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. 2005 ஜூலை 26, சாந்தாகுரூஸில் 944 மி.மீ. கொட்டிய அன்று இரண்டுமே நின்றது. டி-க்குள் நடப்பதும் இதுதான். இரண்டு நார்மல் எண்களையும் ஒரே பொது எண்ணால் பெருக்குகிறோம். அந்தப் பொது எண்தான் மழை.

செம்பூர்வாசி:
உதாரணம் அருமை மீனா. ஆனால் எல்லா ஜோடிக்கும் ஒரே மழையா? கோரிலேஷன் 0 என்று போட்டாலும் உங்கள் டி, அதே 4-க்கு 0.08 காட்டும். தங்கத்தையும் வங்கிப் பங்கையும் இப்படிக் கட்டிப் போடலாமா? இன்னொன்று, சேர்ந்து ஏறுவதற்கும் அது அதே 0.25-ஐத்தான் தரும். சந்தை அப்படியா இருக்கிறது? மழையை மாடல் பண்ண வேண்டுமென்றால் பொருளியலாளர் எங்கிள் 2002-இல் எழுதிய டிசிசி (டைனமிக் கண்டிஷனல் கோரிலேஷன்) இருக்கிறது, அதில் கோரிலேஷன் நாளுக்கு நாள் மாறும்.

மாட்டுங்கா மணி:
தங்கமா? 2020 மார்ச்சில் அதுவும் பத்தே நாளில் 1,680 டாலர் பக்கத்திலிருந்து 1,500-க்குக் கீழே போனது. கையில் காசு வேண்டுமென்று அதையும் விற்றார்கள். ஏறும் பக்கம் பற்றிச் சொன்னது சரி, ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் கிளேட்டன் என்ற காப்புலா இருக்கிறது, விழும் பக்கம் மட்டும் இறுகும். டிசிசி நல்லதுதான், ஆனால் மேலே நார்மலைப் போர்த்தினால் அன்றைய நாளுக்கு வால் மறுபடி பூஜ்யம்.

செம்பூர்வாசி:
அப்படியானால் 4, 8, 15 மூன்றையும் ஓட்டுங்கள், கிளேட்டனையும். நஷ்டம் எவ்வளவு மாறுகிறது என்று இங்கே போடுங்கள். பக்கத்திலேயே, வாலில் எத்தனை நாள் இருந்தது என்பதையும்.

மாட்டுங்கா மணி:
நாளை ராத்திரி போடுகிறேன். 25-க்கும் குறைவு என்று தெரிந்துதானே கேட்கிறீர்கள்!