டீசல் வேண்டாம் தம்பி: இங்கிலாந்தில் முதல் பழைய கார்

கேள்வி (பெருந்துறை, இப்போ லீட்ஸ்):

அண்ணா வணக்கமுங்க. வந்து ரெண்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரி வேலை, நைட் ஷிப்ட் முடியறப்போ பஸ் கிடைக்கறதில்ல. 3,500 பவுண்டுக்குள்ள சின்ன கார் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். அப்பா டீசல்தான் வாங்கோணும்னு சொல்றாருங்க. கூட வேலை செய்யறவர் ஒருத்தர் 2014 டீசல் ஹேட்ச்பேக், 2,900-க்குத் தர்றேங்கறார். வண்டி பளபளன்னு இருக்கு. வாங்கிடலாமுங்களா?

பதில்:

தம்பி, நான் பதினோரு வருஷமா அங்க இருக்கறவன். இப்போ லீவுக்கு கோபிசெட்டிபாளையம் வந்து திண்ணையில உக்காந்துதான் இதை எழுதறேன். உங்கப்பா சொல்றதையேதான் எங்க பெரியப்பாவும் சொல்றார். அவங்க சொல்றதுல தப்பில்ல. இங்க டீசல் விலை பெட்ரோலைவிடக் கம்மி. பெரியப்பா வண்டி தினம் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் ஓடுது, என்ஜின் சூடு தணியறதுக்குள்ள அடுத்த சவாரி. அந்த ஓட்டத்துக்கு டீசல் சரி.

உங்க ஓட்டம் வேற. வீட்லருந்து ஆஸ்பத்திரிக்கு நாலஞ்சு மைல்தான் இருக்கும், அதுவும் குளிர்ல. புது டீசல் வண்டிகள்ல புகைக்கரியைப் பிடிச்சு வைக்கற ஃபில்டர் ஒண்ணு இருக்கு, டி.பி.எஃப்.னு சொல்வாங்க. நெடுஞ்சாலையில தொடர்ந்து ஓடி நல்லா சூடேறினாத்தான் அந்தக் கரி எரிஞ்சு போகும். தினம் பத்து நிமிஷம் ஓட்டி நிறுத்தினா அடைச்சுக்கும். மாத்தறதுக்கு ஆயிரம் பவுண்டுக்கு மேலகூட ஆகும். அதுபோக அங்க டீசல்தான் பெரும்பாலும் பெட்ரோலைவிட விலை ஜாஸ்தி. 2014 டீசல்னா அனேகமா யூரோ 5-ங்கற பழைய புகைக் கட்டுப்பாட்டுத் தரம். லண்டனுக்குச் சொந்தக்காரங்களைப் பார்க்கப் போனா அந்தப் புகைக்காக ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு கட்டோணும், பர்மிங்காம் நடுவுல நுழைஞ்சா 8 பவுண்டு. பெட்ரோல் வண்டி 2006-க்குப் பிறகு பதிவானதா இருந்தா பொதுவா இந்தத் தொல்லை இல்ல. அதனால அந்த வண்டி வேண்டாம். அப்பாகிட்ட நானே வேணும்னா பேசறேன், பெருந்துறை பக்கந்தானே.

வண்டியைப் பார்க்கறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் விலையைப் பாருங்க. ஊர்ல நாம பழைய வண்டி விக்கற கன்சல்டிங்ல போய் வண்டியைப் பிடிச்சுட்டு, கடைசியிலதான் இன்சூரன்ஸ் பேசுவோம். அங்க அது தலைகீழ். வண்டிகளை இன்சூரன்ஸுக்குன்னு தரவாரியாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. உங்க வயசு, நீங்க குடியிருக்கற தெரு, இந்திய லைசென்ஸ் எல்லாம் சேர்ந்து முதல் வருஷத்துக்கு வண்டி விலையில பாதிகூடக் கேப்பாங்க. பிடிச்ச நாலு வண்டியோட நம்பரையும் விலை ஒப்பிடற தளத்துல போட்டுப் பாருங்க. 3,500-ம் வண்டிக்கே போயிட்டா அப்புறம் கையில ஒண்ணும் நிக்காது. வண்டிக்கு 2,500, மீதி இன்சூரன்ஸுக்கும் முதல் சர்வீஸுக்கும்னு ஒதுக்குங்க.

அடுத்தது எம்.ஓ.டி. மூணு வருஷத்துக்கு மேலான ஒவ்வொரு காரும் வருஷம் ஒரு தடவை இந்தப் பரிசோதனையில தேறோணும். நம்பர் பிளேட் தெரிஞ்சாப் போதும், அரசாங்கத் தளத்துல 2005-லருந்து நடந்த சோதனையெல்லாம் காசில்லாமப் பார்க்கலாம். எந்த வருஷம் எத்தனை மைல் ஓடியிருந்துது, எதுக்கு ஃபெயில் ஆச்சு, 'இப்போ பரவாயில்ல, ஆனா கவனிங்க'ன்னு எதைச் சொன்னாங்க, எல்லாம் வரிசையா இருக்கும். போன வருஷத்தைவிட இந்த வருஷம் மைல் கொறைஞ்சிருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க. அதுல ஒரு சொல்லைத் தேடிப் படிங்க: கரோஷன். துரு.

துருவைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன், ஏன்னா நம்ம ஊர்க்காரங்களுக்கு இது தெரியாது. பொள்ளாச்சியிலயும் தாராபுரத்துலயும் இருபது வருஷ வண்டி அடித்தகடு கெடாம ஓடுது. அங்க பனிக்காலத்துல ரோடு உறையாம இருக்க உப்பு கொட்டறாங்க. அந்த உப்புத்தண்ணி வண்டிக்கு அடியில தெறிச்சு, கதவுக்குக் கீழ போற சில்லையும், சக்கரத்துக்கு மேல வளைவையும், என்ஜினைத் தாங்கற சட்டத்தையும் தின்னுடும். நான் வாங்கின முதல் வண்டி 1,800 பவுண்டு. மெழுகு போட்டுக் கண்ணாடி மாதிரி வெச்சிருந்தாங்க. ஆறு மாசத்துல எம்.ஓ.டி.க்கு விட்டா ரெண்டு பக்கமும் சில் ஓட்டை. வெல்டிங்குக்கு 600 பவுண்டு கொடுத்தேன். ஊருக்கு அனுப்ப வெச்சிருந்த காசு அது. பொறவு போய்ப் பார்த்தா, ரெண்டு வருஷத்துக்கு முந்தின சோதனையிலயே துருன்னு எழுதியிருக்கு. காசில்லாமப் படிக்கக் கிடந்ததை நான் படிக்கல.

எங்க அப்பாரு கண்ணபுரம் தாவணிக்கு மாடு பிடிக்கப் போனா பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டுப் பின்னாலருந்து பார்ப்பார். கொம்புல பூசின எண்ணெயைப் பார்க்க மாட்டார். நீங்களும் ஒரு டார்ச் எடுத்துட்டுப் போய், முழங்கால் போட்டு அடியில பாருங்க. விக்கறவர்கிட்ட 'நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க'ன்னு சொல்லி வெச்சுட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா ஏன்னு கேளுங்க. குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகறப்போதான் நிஜமான சத்தம் வரும். ஓட்டிப் பார்க்கவும் உங்க பேர்ல இன்சூரன்ஸ் வேணும், மறந்துடாதீங்க.

எந்த வண்டின்னு கேட்டா, டொயோட்டா யாரிஸ், ஹோண்டா ஜாஸ் ரெண்டும் பெட்ரோல்ல நம்பி வாங்கலாம். ஜாஸ்ல பெட்ரோல் டேங்க் முன் சீட்டுக்கு அடியில இருக்கறதால பின் சீட்டை முழுசா மடக்கி அரிசி மூட்டை, கட்டில், எல்லாம் ஏத்தலாம். ஆனா விலை இறங்காது. உங்க காசுக்கு ஹூண்டாய் ஐ10 பாருங்க. அங்க வித்த அதோட முதல் தலைமுறை நம்ம ஸ்ரீபெரும்புதூர்ல செஞ்சு கப்பல்ல போனது. சேஸிஸ் நம்பர் எம்.ஏ.எல்.னு ஆரம்பிச்சா நம்ம ஊர்ப் பிள்ளைன்னு அர்த்தம். 2010-லருந்து சில வருஷம் ஐரோப்பாவுக்குப் போன நிசான் மைக்ராவும் ஒரகடத்துல செஞ்சதுதான். லீட்ஸ்ல மழையில நின்னுட்டு அந்த எழுத்தைப் படிச்சப்போ எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஆனா அதுக்காக வாங்காதீங்க, அடியில டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

ஃபோர்டு ஃபியஸ்டா தெருவுக்கு நாலு நிக்கும், 2023-ல தயாரிப்பை நிறுத்தினாலும் பார்ட்ஸ் தாராளம். ஆனா 1.0 ஈகோபூஸ்ட் என்ஜினா, 1.25-ஆன்னு கேளுங்க. ஈகோபூஸ்ட்ல பல மாடல்கள்லயும், பெஷோ, சிட்ரோன் 1.2 ப்யூர்டெக்லயும் டைமிங் பெல்ட் என்ஜின் ஆயிலுக்குள்ளயே ஓடுது. சொன்ன ஆயிலைச் சொன்ன நேரத்துல மாத்தலைன்னா பெல்ட் உதிர்ந்து ஆயில் போற வழியை அடைச்சுடும், என்ஜினே போயிடும். சர்வீஸ் பில் முழுசா இல்லாம அதைத் தொடாதீங்க.

காசு கொடுக்கறப்போ வி5சி புத்தகத்துல இருக்கற நம்பரும் வண்டியில இருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. அது நம்ம ஆர்.சி. மாதிரித் தெரிஞ்சாலும் சொந்தக்காரர்னு காட்டற பத்திரம் இல்ல, அதனால வண்டி மேல கடன் பாக்கி இருக்கான்னு தனியா விசாரிச்சுப் பாருங்க. பழைய ஆளு கட்டின ரோடு டேக்ஸ் உங்களுக்கு வராது. புதுசாக் கட்டிட்டுத்தான் வண்டியை நகர்த்தோணும். டீலர்கிட்ட வாங்கினா, பெரிய குறை இருந்தா 30 நாளைக்குள்ள திருப்பிக் கொடுக்க சட்டத்துல இடமிருக்கு. தனி ஆள்கிட்ட வாங்கினா அந்தக் காப்பு கிடையாது.

கேள்வி:

ரொம்ப நன்றிங்கண்ணா. ஒரே ஒரு சந்தேகம். இன்சூரன்ஸ் போட்டுப் பார்த்தேன், 1,700 வருது. அத்தை பையன் மான்செஸ்டர்ல பத்து வருஷமா இருக்கார். அவர் பேர்ல போட்டு என்னை ரெண்டாவது டிரைவராச் சேர்த்தா பாதிதான் வருதுங்க. அவரும் சரிங்கறார்.

பதில்:

வேண்டாம் தம்பி. ஊர்ல மாமன் பேர்ல வண்டி, மச்சான் பேர்ல கடைன்னு நமக்குப் பழக்கம், அதுல பாசம்தான் இருக்கு. அங்க அதுக்கு ஃப்ரன்டிங்னு பேர், மோசடிக் கணக்கு. மெய்யா ஓட்டறவர்தான் முதல் டிரைவர். இடிச்சுட்டா இன்சூரன்ஸ் செல்லாதுன்னுடுவாங்க, அத்தை பையன் பேரும் கெடும். நிஜத்துலயும் அப்பப்போ ஓட்டற அனுபவசாலி ஒருத்தரை ரெண்டாவதாச் சேர்த்தா விலை கொஞ்சம் இறங்கலாம், அது நேர்மை. நீங்க ஓட்டற விதத்தைப் பதிவு பண்ற கருவியை வண்டியில வெக்கற பிளாக் பாக்ஸ் பாலிசியும் கேட்டுப் பாருங்க.

இன்னொண்ணு: இந்திய லைசென்ஸ்ல ஓட்டறதுக்கு, நீங்க குடியேறின நாள்லருந்து 12 மாசந்தான். அதுல ரெண்டு மாசம் போயிடுச்சு. நம்ம எல்.எல்.ஆர். மாதிரி இருக்கற ப்ரொவிஷனல் லைசென்ஸுக்கு இந்த வாரமே போட்டுடுங்க, டெஸ்ட் தேதி சட்டுன்னு கிடைக்காது. கியர் வண்டியிலயே டெஸ்ட் கொடுங்க. ஆட்டோமேட்டிக்ல தேறினா அப்புறம் கியர் வண்டி ஓட்ட முடியாது.

ஞாயித்துக்கிழமைக்குள்ள ரெண்டு மூணு வண்டி நம்பர் பார்த்து வைங்க. எம்.ஓ.டி. வரலாற்றை நானும் கூட உக்காந்து படிக்கறேன்.